"நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" – ஆங்கில நிகழ்கால வினைகளைத் தமிழிலிருந்தே பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் "வங்கியில் வேலை பார்க்கிறேன்" என்றும் பதில் சொல்லலாம், "வெங்காயம் நறுக்குகிறேன்" என்றும் சொல்லலாம். கேட்டவர் எதைக் கேட்டார் என்பதை இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிக் கேள்விகள். "வாட் டூ யூ டூ?" என்றால் என்ன தொழில் என்று அர்த்தம். "வாட் ஆர் யூ டூயிங்?" என்றால் இந்த நிமிடம் கையில் என்ன வேலை என்று அர்த்தம். நேர்முகத் தேர்வில் முதல் கேள்விக்கு "ஐ ஆம் சிட்டிங், சார்" என்று பதில் சொல்லிவிட்டு வந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். காலங்களின் அட்டவணையை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பவர் அவர். அட்டவணை அவரைக் கைவிட்டுவிட்டது.

காரணம் எளிது. "ஐ கோ" என்பதற்கும் "நான் போகிறேன்", "ஐ ஆம் கோயிங்" என்பதற்கும் "நான் போகிறேன்" என்று எழுதிப் படித்துவிட்டோம். அப்புறம் வாயைத் திறக்கும்போது இரண்டில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறோம். நான் இங்கே வேறு வழியில் போகப்போகிறேன். ஆங்கிலம் பிரித்துக் காட்டும் நான்கு நிகழ்கால வடிவங்களுக்கும் நம் பேச்சில் ஏற்கெனவே அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றைக் கவனிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். முதலில் காதுக்குப் பழகட்டும். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ஒரு நோட்டில் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

படி 1: 'கிறு'வை மட்டும் நம்பாதீர்கள்

நிகழ்கால இடைநிலைகள் என்று ஆநின்று, கின்று, கிறு மூன்றையும் நன்னூல் சொல்கிறது. இன்றைய பேச்சில் மிஞ்சி நிற்பது 'கிறு'தான். ஒற்றை ஆளாக அது எத்தனை வேலை பார்க்கிறது என்று பாருங்கள்.

"தினமும் 6 மணிக்கு எழுந்திருக்கிறேன்" – இது வழக்கம். ஆங்கிலத்தில் "ஐ கெட் அப் அட் சிக்ஸ்".

"இதோ, வருகிறேன்" – இப்போது நடப்பது. "ஐ ஆம் கமிங்".

"நாளைக்கு மதுரைக்குப் போகிறேன்" – இன்னும் நடக்கவே இல்லை. "ஐ ஆம் கோயிங் டு மதுரை டுமாரோ".

"10 வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன்" – எப்போதோ தொடங்கி இன்றுவரை வருவது. "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்".

நான்கிலும் 'கிறேன்' இருக்கிறது, ஆங்கிலத்தில் மூன்று வடிவங்கள் வந்துவிட்டன. ஆகவே 'கிறேன் என்றால் ஐ ஆம்' என்று மனத்தில் ஒட்டியிருக்கும் சமன்பாட்டை முதலில் கிழித்துப் போடுங்கள். "ஐ ஆம் கோ", "ஐ ஆம் அக்ரீ", "ஐ ஆம் ஒர்க் இன் எ பேங்க்" எல்லாம் அந்தச் சமன்பாட்டுக்குப் பிறந்த பிள்ளைகள்.

படி 2: வினையே இல்லாத தமிழ் வாக்கியம்

"அவர் ஆசிரியர்." "நான் ரெடி." "இது என் வீடு." இந்த வாக்கியங்களில் வினைச்சொல் கிடையாது, அது நமக்கு உறுத்துவதும் இல்லை. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் ஒரு முழு வாக்கியத்தை நிறுத்த முடியாது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் ஆம், இஸ், ஆர் வருகின்றன: "ஹி இஸ் எ டீச்சர்", "ஐ ஆம் ரெடி", "திஸ் இஸ் மை ஹவுஸ்".

எனவே தமிழில் வினை இல்லாத இடத்தில் ஆங்கிலத்தில் இவற்றைப் போடுங்கள். வினை இருக்கிற இடத்தில் தனியாகக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். 'அக்ரீ' என்பதே 'ஒத்துக்கொள்' என்ற வினை. "ஐ அக்ரீ" என்றால் போதும்.

படி 3: 'உம்' வந்தால் சிம்பிள் பிரசன்ட்

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பள்ளியில் இதை யாராவது சொல்லித் தந்திருந்தால் பல வருடம் மிச்சமாகியிருக்கும்.

மாறாத உண்மையைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? "சூரியன் கிழக்கே உதிக்கும்." "தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்." "நெருப்பு சுடும்." இலக்கணப்படி எதிர்காலம் போலத் தெரிந்தாலும், நாளைக்குச் சுடப்போகிறது என்று யாரும் இதைப் புரிந்துகொள்வதில்லை. முக்காலத்துக்கும் பொதுவான செய்தியை எந்தக் காலத்தில் சொல்வது என்பதைத் தொல்காப்பியமே யோசித்திருக்கிறது. 'மலை நிற்கும்' என்பது உரைகாரர்கள் அதற்குக் காட்டும் உதாரணம். ஆங்கிலம் இந்த வேலைக்கு எடுப்பது சிம்பிள் பிரசன்ட்டை: "த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்", "வாட்டர் பாயில்ஸ் அட் எ ஹண்ட்ரட் டிகிரிஸ்".

வழக்கங்களும் அப்படித்தான். "பால்காரர் 5 மணிக்கு வருவார்." "அப்பா சாப்பிட்டதும் கொஞ்சம் நடப்பார்." வருவார், நடப்பார் என்று எதிர்கால வடிவத்தில் சொன்னாலும் பேச்சு தினசரிப் பழக்கத்தைப் பற்றியது. நம்மில் பலர் இங்கே 'வில்' போட்டுவிடுகிறோம்: "த மில்க்மேன் வில் கம் அட் ஃபைவ்". கேட்பவர் நாளைய பாலைப் பற்றிச் சொல்வதாகத்தான் நினைப்பார். "த மில்க்மேன் கம்ஸ் அட் ஃபைவ்" என்பதே சரி.

இன்னொரு கூட்டமும் 'உம்'மில் முடியும்: தெரியும், பிடிக்கும், வேண்டும். இவையும் சிம்பிள் பிரசன்ட்தான்: "ஐ நோ", "ஐ லைக்", "ஐ வான்ட்". இது தற்செயல்தான், ஆனால் நமக்கு அருமையாக உதவுகிற தற்செயல்.

வினையில் 'கிறு' இருந்தால், முன்னால் 'வழக்கமாக' என்று சேர்த்து, 'கிறேன்' இருக்கும் இடத்தில் 'வேன்' அல்லது 'ப்பேன்' போட்டுப் பாருங்கள். "தினமும் பஸ்ஸில் போகிறேன்" என்பது "தினமும் பஸ்ஸில் போவேன்" என்று மாறினாலும் பொருள் கெடவில்லை என்றால் அது சிம்பிள் பிரசன்ட்: "ஐ கோ பை பஸ் எவ்ரி டே".

இதே வடிவம் வரும் இன்னும் சில இடங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ரயில், விமானம் போன்ற நேர அட்டவணை: "த ட்ரெய்ன் லீவ்ஸ் அட் நைன் டுநைட்". கிரிக்கெட் வர்ணனையில் பந்து பந்தாகச் சொல்வது: "ஹி ஹிட்ஸ் இட் ஹார்ட்". செய்தித் தலைப்புகள், சினிமாக் கதைச் சுருக்கம். அப்புறம் 'வந்தால்', 'வந்ததும்' என்று தமிழில் வருகிற இடம்: "நாளைக்கு அவர் வந்தால் சொல்கிறேன்" என்பதற்கு "இஃப் ஹி கம்ஸ் டுமாரோ, ஐ வில் டெல் யூ". இங்கே 'இஃப்' பக்கத்தில் 'வில்' வராது.

படி 4: அந்த ஒற்றை எஸ்

வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறார்கள் – தமிழில் ஆளுக்கு ஒரு விகுதி. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படி இருந்தது. 1611-இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில் "ஹி கோஸ்" என்று இருக்காது, "ஹி கோயெத்" என்று இருக்கும். 'நீ' என்பதற்குத் "தௌ கோயெஸ்ட்". மற்றவை உதிர்ந்துபோக, இங்கிலாந்தின் வடபகுதிப் பேச்சிலிருந்து பரவிய எஸ் மட்டும் மிச்சமாக நிற்கிறது. அது ஹி, ஷி, இட் அல்லது அந்த இடத்தில் வரும் ஒற்றை ஆள், ஒற்றைப் பொருளோடு மட்டும் ஒட்டும்: "மை மதர் குக்ஸ்", "த பஸ் ஸ்டாப்ஸ் ஹியர்".

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. "வருகிறேன்" என்றாலே நான் என்று தெரிந்துவிடுவதால் 'நான்' என்பதை விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'கம்' என்று மட்டும் சொன்னால் யார் என்று தெரியாது; 'வா' என்று கட்டளையிடுவதுபோல ஆகிவிடும். அதனால் எழுவாயை ஒருபோதும் விடாதீர்கள்.

எழுதும்போது பெரும்பாலும் எஸ் மட்டும் சேர்த்தால் போதும். வாட்ச், வாஷ், பாஸ், ஃபிக்ஸ், கோ போன்றவற்றுக்கு இ, எஸ் இரண்டும் சேரும். ஸ்டடி, ட்ரை போல மெய்யெழுத்தை அடுத்து ஒய்யில் முடிந்தால் அந்த ஒய் போய் ஐ, இ, எஸ் வரும். ப்ளே போல உயிரெழுத்தை அடுத்து ஒய் வந்தால் மாறாது. ஹேவ் என்பது ஹேஸ் ஆகும். உச்சரிப்பில் இரண்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: 'சே' என்பது 'செஸ்' ஆகும், 'சேஸ்' அல்ல, 'டூ' என்பது 'டஸ்' ஆகும், 'டூஸ்' அல்ல.

படி 5: இல்லை என்பதும், கேள்வியும்

தமிழில் ஒரு 'ஆ' சேர்த்தால் கேள்வி பிறந்துவிடும்: வருகிறாரா? ஆங்கிலத்தில் சிம்பிள் பிரசன்ட்டைக் கேள்வியாக்க முன்னால் டூ அல்லது டஸ் வேண்டும், மறுக்க டூ நாட் அல்லது டஸ் நாட் வேண்டும். "டூ யூ ஸ்பீக் தமிழ்?" "டஸ் ஷி லிவ் ஹியர்?" "ஐ டோன்ட் ஈட் மீட்." "ஹி டஸ்ன்ட் ஸ்மோக்."

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு: "ஹி டஸ்ன்ட் கோஸ்". ஒரு வினைத்தொடருக்கு ஒரு எஸ்தான். 'டஸ்' வந்த உடனே எஸ் அங்கே இடம் மாறிவிடுகிறது, 'கோ' வெறும் 'கோ'வாகத் திரும்பிவிடுகிறது. வீட்டில் ஒரே ஒரு குடை இருந்தால் வெளியே போகிறவர்தானே எடுத்துக்கொண்டு போவார்? முன்னால் போவது டஸ், குடை அதன் கையில்.

எப்போது டோன்ட், எப்போது வேறு என்று சந்தேகம் வந்தால் 'வதில்லை' கைகொடுக்கும். "நான் காபி குடிப்பதில்லை", "அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை" – 'வதில்லை', 'பதில்லை' என்று முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு டோன்ட், டஸ்ன்ட் போடலாம். ஆனால் 'வரவில்லை' என்பதில் எச்சரிக்கை வேண்டும். "நேற்று வரவில்லை" என்றால் "ஹி டிட்ன்ட் கம்". "இன்னும் வரவில்லை" என்றால் "ஹி ஹேஸ்ன்ட் கம் யெட்". "நான் இன்றைக்கு வரவில்லை, நீங்கள் போங்கள்" என்றால் "ஐ ஆம் நாட் கமிங் டுடே". மூன்றிலும் 'வரவில்லை' ஒன்றுதான். பக்கத்தில் இருக்கும் நேரச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

கேள்விச் சொல் வந்தாலும் வரிசை மாறாது: "வேர் டஸ் ஹி ஒர்க்?" ஆம், இஸ், ஆர் இருந்தால் டூ தேவையில்லை, அவையே முன்னால் நகரும்: "வேர் ஆர் யூ கோயிங்?" நம் பேச்சில் அடிக்கடி கேட்கும் "வேர் யூ ஆர் கோயிங்?" என்பதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. 'யார்' என்பதே எழுவாயாக இருந்தால் டஸ் வராது: "ஹூ டீச்சஸ் மேத்ஸ்?"

படி 6: கொண்டிருக்கிறது – பிரசன்ட் கன்டினியூயஸ்

"மழை பெய்துகொண்டிருக்கிறது", பேச்சில் "பெஞ்சிட்டிருக்கு". இதற்கு ஆம், இஸ், ஆர் ஏதாவது ஒன்றும், வினையோடு 'இங்'கும்: "இட் இஸ் ரெய்னிங்". தமிழில் 'கிறது' என்று மட்டும் சொன்னாலும், அதைக் 'கொண்டிருக்கிறது' என்று நீட்டிப் பார்த்து இயல்பாக இருந்தால் இந்த வடிவம்தான். "இங்கே சத்தம் போடுகிறார்கள்" என்பதை "போட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்று நீட்டலாம். ஆகவே "தே ஆர் மேக்கிங் நாய்ஸ்".

தற்காலிகமானதற்கும் இதுவே. சொந்த ஊர் தஞ்சாவூர், பயிற்சிக்காக 3 மாதம் சென்னையில் இருப்பவர் "ஐ ஆம் ஸ்டேயிங் இன் சென்னை" என்பார். சென்னையே வாழும் ஊர் என்றால் "ஐ லிவ் இன் சென்னை". திட்டமிட்டு முடிவான நாளைய காரியத்துக்கும் இதுவே வரும் என்பதைப் படி 1-இல் பார்த்தோம். தமிழும் அங்கே நிகழ்காலத்தையே எடுப்பதால் அது நமக்குத் தானாக வந்துவிடும்.

இனி, இந்தியர்கள் பேசும் ஆங்கிலத்தில் வெளியார் உடனே கவனிக்கும் விஷயத்துக்கு வருவோம்: "ஐ ஆம் நோயிங் ஹிம்", "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்". சில வினைகள் 'இங்' ஏற்பதில்லை. பாடப்புத்தகங்கள் ஒரு நீண்ட பட்டியல் தரும். அதை மனப்பாடம் செய்வதைவிட எளிய வழி ஒன்று உண்டு. அந்தக் கருத்தைத் தமிழில் சொல்லும்போது 'நான்' என்று தொடங்குகிறீர்களா, 'எனக்கு' என்று தொடங்குகிறீர்களா என்று பாருங்கள்.

எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். இவற்றில் நாம் எதையும் செய்வதில்லை, அவை நமக்கு வந்து அமைகின்றன. "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். ஆங்கிலக்காரர் காதில் "ஐ ஆம் நோயிங்" அப்படித்தான் விழுகிறது. எனவே "ஐ நோ", "ஐ லைக்", "ஐ வான்ட்", "ஐ அண்டர்ஸ்டாண்ட்", "ஐ ரிமெம்பர்", "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்".

'ஹேவ்' சில சமயம் 'இங்' எடுக்கும்: "வி ஆர் ஹேவிங் லஞ்ச்". இங்கே அது 'இருக்கிறது' அல்ல, 'சாப்பிடுகிறோம்' என்ற செயல். 'திங்க்' என்பதும் அப்படி. "ஐ திங்க் ஹி இஸ் ரைட்" என்றால் "அவர் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றுகிறது" – மறுபடியும் 'எனக்கு'. "ஐ ஆம் திங்கிங்" என்றால் "நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்". எல்லா வினைக்கும் நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் அன்றாடப் பேச்சில் வரும் முக்கியமான வினைகளை இது காப்பாற்றிவிடும்.

படி 7: வந்திருக்கிறார் – பிரசன்ட் பெர்ஃபெக்ட்

இதன் பெயரைக் கேட்டாலே பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் நமக்கு மிக நெருக்கமான வடிவம் இது. "மாமா வந்திருக்கிறார்" என்பதைப் பிரித்துப் பாருங்கள். வந்து என்பது நடந்து முடிந்தது. இருக்கிறார் என்பது இப்போது. வந்தது எப்போதோ, ஆனால் இப்போது வீட்டில் இருக்கிறார், இன்னொரு டம்ளர் காபி போடவேண்டும். ஆங்கிலமும் இதையே செய்கிறது, 'இரு' என்பதற்குப் பதில் 'ஹேவ்' வைத்து: "அங்கிள் ஹேஸ் கம்". ஐ, யூ, வி, தே என்றால் ஹேவ். ஹி, ஷி, இட் என்றால் ஹேஸ். அதற்குப் பின் வினையின் மூன்றாவது வடிவம்: கோ, வென்ட், கான் என்று அடுக்கும்போது மூன்றாவதாக வருவது.

அனுபவத்தைச் சொல்லவும் இதுவே. "நான் ஊட்டிக்குப் போயிருக்கிறேன்" என்றால் "ஐ ஹேவ் பீன் டு ஊட்டி". ஆனால் "அப்பா ஊட்டிக்குப் போயிருக்கிறார்", இன்னும் திரும்பவில்லை என்றால் "அப்பா ஹேஸ் கான் டு ஊட்டி". தமிழில் 'போயிருக்கிறார்' இரண்டுக்கும் பொது. 'போய் வந்திருக்கிறேன்' என்று சொல்ல முடிந்தால் பீன், ஆள் இன்னும் அங்கேயே இருந்தால் கான்.

இனி கவனமாகப் படியுங்கள். இந்த வடிவத்தோடு முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் சொல் சேராது. "ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே" தவறு. நேற்று, போன வாரம், 2019-இல், காலை 8 மணிக்கு என்று குறிப்பிட்டால் சாதாரண இறந்தகாலம்: "ஹி கேம் எஸ்டர்டே". நாம் ஏன் திரும்பத் திரும்ப இதில் தவறுகிறோம்? தமிழ் அதை அனுமதிக்கிறது. காலையில் வாசல் ஈரமாக இருப்பதைப் பார்த்து "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறோம். அந்த 'இருக்கிறது' ஊகத்தைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் ஊகத்துக்கு 'மஸ்ட்' வேண்டும்: "இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்".

படி 8: 'ஆக' வந்தால் ஹேவ் பீன்

"3 மணி நேரமாகக் காத்திருக்கிறேன்." "2015-இலிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்." கால அளவோடு ஆக, அல்லது தொடங்கிய புள்ளியோடு இலிருந்து வந்து, செயல் இன்னும் நடக்கிறது என்றால் பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ். ஹேவ் அல்லது ஹேஸ், அதற்குப் பின் பீன், அதற்குப் பின் 'இங்' சேர்ந்த வினை.

'ஆக' என்றால் ஃபார்: "ஐ ஹேவ் பீன் வெய்ட்டிங் ஃபார் த்ரீ ஹவர்ஸ்". 'இலிருந்து' என்றால் சின்ஸ்: "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ட்வென்ட்டி ஃபிஃப்டீன்". "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை: வினையும் தவறு, சின்ஸும் தவறு.

படி 6-இல் பார்த்த 'எனக்கு' வினைகள் இங்கேயும் 'இங்' ஏற்காது. "அவரை எனக்கு 10 வருடமாகத் தெரியும்" என்பது "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்".

படி 9: எழுதிப் பழகுவது

ஒரு வினையை எடுத்து நான்கு வடிவத்திலும் உங்கள் வாழ்க்கையைப் பற்றியே எழுதுங்கள். உங்களுக்கு உண்மையாக இல்லாத வாக்கியம் நினைவில் தங்காது. தினமும் ஒரு வினை, 15 நிமிடம். முதல் வாரம் வேகம் பார்க்கவேண்டாம்.

அதற்கு முன் ஒரு சின்னப் பயிற்சி. கீழே உள்ள பத்தியை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். அதற்குக் கீழே உள்ளதைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

"என் தங்கை திருச்சியில் இருக்கிறாள். ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். இப்போது லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். சமையலறையில் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்து இரண்டு பேரும் பேசுகிறார்கள். அவளுக்குக் காபி பிடிக்காது. நாளைக்குக் கிளம்புகிறாள்."

சரி, இப்போது பாருங்கள்.

"மை சிஸ்டர் லிவ்ஸ் இன் திருச்சி. ஷி ஒர்க்ஸ் இன் எ ஃபார்மசி. ஷி ஹேஸ் கம் ஹோம் ஃபார் த ஹாலிடேஸ். ஷி இஸ் டாக்கிங் டு அம்மா இன் த கிச்சன். தே ஹேவ் பீன் டாக்கிங் சின்ஸ் மார்னிங். ஷி டஸ்ன்ட் லைக் காஃபி. ஷி இஸ் லீவிங் டுமாரோ."

முதல் வாக்கியத்தில் 'இருக்கிறாள்' என்பதைப் பார்த்து 'இஸ்' போட்டிருந்தால் மூன்றாவது வாக்கியத்துக்கு வந்து திரும்பிப் பாருங்கள். அவள் இந்த நிமிடம் திருச்சியில் இல்லை, உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறாள். அங்கே 'இருக்கிறாள்' என்றது குடியிருப்பதை, அதனால்தான் 'லிவ்ஸ்'. ஐந்தாவதில் 'பேசுகிறார்கள்' என்பதை மட்டும் பார்த்து 'தே ஆர் டாக்கிங்' என்று எழுதியிருந்தால் 'காலையிலிருந்து' என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.